போர்ட்ரெய்ட் படத்தில் கம்போசிஷன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போர்ட்ரெய்ட், அதாவது ஒருவரின் உருவப்படம், எடுக்கத் தொடங்கும் இளைஞர்கள் ஆரம்பத்தில் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பார்கள். நூறு படம் எடுத்த பிறகு கேள்வி மாறிவிடும்: ஆளை எங்கே நிறுத்துவது, எதை வெட்டுவது, ஏன் என் படம் மட்டும் ஏதோ சரியில்லாமல் இருக்கிறது? அந்த இரண்டாவது வகைக் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டே போகும்.

1. கம்போசிஷன்னா என்னதான்? முகம் பளிச்சுன்னு விழுந்தா போதாதா?

முகம் கூர்மையாக விழுவது ஃபோகஸின் வேலை. அந்த முகத்தைச் சுற்றி எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவெடுப்பதுதான் கம்போசிஷன். பின்னால் தொங்கும் துணிக்கொடி, ஓரத்தில் பாதி தெரியும் பைக், மூலையில் எரியும் டியூப்லைட் ஆகிய எல்லாமே முகத்தோடு போட்டி போடும். எடுக்கும்போது உங்கள் கவனம் முகத்திலேயே இருப்பதால் அவை உங்களுக்குத் தெரியாது. பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

அதனால் முதல் பழக்கம் இது: ஷட்டரை அழுத்துவதற்கு முன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இரண்டு விநாடிதான் ஆகும். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த, குழந்தைகளுடன் அமர்ந்திருக்கும் தாயின் படம் உலகம் அறிந்தது. அதன் வலது கீழ்மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. பிற்பாடு நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார்கள். அவ்வளவு வலுவான முகம் நடுவில் இருந்தும் ஓரத்து விரல் உறுத்தியிருக்கிறது.

2. கிரிட் லைன் ஆன் பண்ணிட்டேன். அதுல எதை வைக்கணும், மூக்கையா கண்ணையா?

கண்ணை. கிரிட் லைன் திரையை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரிக்கும். ஃபிரேமை மேலிருந்து கீழாக மூன்று பங்காகப் பிரித்தால் வரும் மேல்கோட்டில் கண்கள் அமையட்டும். தலை சற்றுத் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணை, கோடுகள் சந்திக்கும் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அங்குலக் கணக்காகப் பார்க்க வேண்டியதில்லை. கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினால் படம் கெட்டுப்போகாது.

ஃபோகஸ் புள்ளியையும் அந்தக் கண்ணுக்கே நகர்த்துங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுப் பிறகு கேமராவைத் திருப்பும் வழக்கம் பலருக்கு உண்டு. எஃப் 1.8இல், அதாவது லென்ஸின் துவாரம் அகலமாகத் திறந்திருக்கும்போது, அப்படிச் செய்தால் கண் மங்கி காது கூர்மையாக விழும். ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. அளவுதான். திருப்பும் அசைவிலேயே அதில் பாதி போய்விடும்.

3. அப்போ ஆளை நடுவுல வைக்கவே கூடாதா?

தாராளமாக வைக்கலாம். நேராக லென்ஸைப் பார்க்கும் முகத்துக்கு நடு மிகப் பொருத்தமான இடம். வாசல் நிலை, மண்டபத் தூண் வரிசை, இருபுறமும் திண்ணை உள்ள வீட்டு முகப்பு போல இடமும் வலமும் ஒத்திருக்கும் பின்னணியிலும் நடுவே நிறுத்துவதுதான் சரி. புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த ஆப்கானியச் சிறுமியின் முகம் ஃபிரேமின் நடுவில்தான் இருக்கிறது. கண்கள் மட்டும் மேல்பகுதியில் இருக்கின்றன.

நடுவில் வைத்தால் துல்லியமாக நடுவில் வையுங்கள். தூணும் தூணும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் நான்கு விரல் கூடியிருந்தால் அது கவனக்குறைவாகத்தான் தெரியும்.

4. தலைக்கு மேல எவ்வளவு இடம் விடணும்?

கண்ணை மேல்கோட்டில் வைத்தாலே இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். மார்பளவுப் படத்தில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டால் போதும். புதிதாக எடுப்பவர்களின் படங்களில் முகம் சரியாக ஃபிரேமின் நடுவில் இருக்கும், தலைக்கு மேல் பாதிப் படம் வெறும் சுவராக இருக்கும். ஃபோகஸ் புள்ளியை நடுவிலேயே விட்டுவைப்பதுதான் காரணம்.

முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்கும்போது உச்சந்தலையைத் துணிந்து வெட்டலாம். முகவாயை மட்டும் வெட்டாதீர்கள். ஒன்று, இடம் தெரியும்படி விடுங்கள். அல்லது தெளிவாக வெட்டுங்கள். தலைமுடி ஃபிரேமின் விளிம்பை உரசிக்கொண்டு நிற்பதுதான் மோசம்.

5. பக்கவாட்டுல பார்க்கிற மாதிரி எடுத்தா எந்தப் பக்கம் காலி இடம்?

பார்க்கும் பக்கத்தில். இடதுபுறம் பார்க்கிறார் என்றால் ஆளை வலதுபுறம் நிறுத்துங்கள். பார்வைக்கு முன்னால் இடமில்லாவிட்டால் சுவரில் மூக்கை வைத்து நிற்பதுபோல இருக்கும். அந்த இறுக்கமே வேண்டும் என்றால், உதாரணமாகக் கவலையோ தனிமையோ காட்டும் படத்தில், மாற்றிச் செய்யலாம். ஆனால் முகபாவமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருக்கும் ஆளை விளிம்பில் நெருக்கினால் தவறு என்றுதான் எண்ணுவார்கள்.

6. கை காலை எங்க வெட்டலாம், எங்க வெட்டக் கூடாது?

மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் ஃபிரேம் முடிந்தால் உறுப்பே அங்கு முடிந்துவிட்டதுபோல் தோன்றும். மார்பின் நடு, இடுப்புக்குச் சற்று மேல், தொடையின் நடு ஆகிய இடங்கள் பாதுகாப்பானவை. விரல்நுனிகளையும் கவனியுங்கள். முழுக் கையும் ஃபிரேமுக்குள் இருந்து நான்கு விரல் நுனி மட்டும் வெளியே போயிருந்தால் சரிசெய்ய வழியே இல்லை.

நம்மூர் உடைக்கும் நகைக்கும் இதே கணக்கைப் பொருத்துங்கள். ஜிமிக்கியை முழுதாகக் காட்டுங்கள், பாதியில் வெட்டாதீர்கள். தலையில் வைத்த மல்லிகைச் சரம் தோளுக்கு முன்னால் விழுந்திருந்தால் அதன் நுனிவரை ஃபிரேமில் இருக்கட்டும். பட்டுப்புடவை, வேட்டியில் முழு உருவம் எடுத்தால் கரையும் பாதமும் தெரிந்து, கீழே ஒரு சாண் தரையும் இருக்க வேண்டும். கரைக்கு மேலே வெட்டுவதைவிடத் தொடை நடுவுக்கு ஏறிவிடுவது மேல்.

7. கிட்ட போய் எடுத்தா மூக்கு பெரிசா வருது. என் லென்ஸ் மோசமா?

லென்ஸில் குறையில்லை, நீங்கள் நிற்கும் தூரம்தான் குறை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் கேமரா இருந்தால் காது 52 செ.மீ. தொலைவில் இருக்கும். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாக விழும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் வெறும் 6 சதவீதம். எதிரில் உட்கார்ந்து பேசும்போது பார்க்கும் முகத்துக்கு இதுதான் நெருக்கமானது.

ஆகவே முதலில் தூரத்தை முடிவுசெய்யுங்கள்: ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். அங்கே நின்றபடி ஜூமைத் திருப்பி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்யுங்கள். பலர் ஜூமை 18 மி.மீ. என்ற அகலக் கோணத்தில் வைத்துக்கொண்டு முகம் நிறையும்வரை நடந்துபோகிறார்கள். மூக்கு பெரிதாவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

8. என்கிட்ட கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கு. ஃப்ரெண்டுகிட்ட போன்தான். 85 மி.மீ. லென்ஸ் வாங்கினாத்தான் நல்ல படம் வருமா?

வாங்க வேண்டியதில்லை, கம்போசிஷன் கற்றுக்கொள்ளும் காலத்தில் கட்டாயம் வேண்டியதில்லை. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55இல் வையுங்கள், எஃப் 5.6. கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஒன்றரை மீட்டரில் நின்றால் தலையும் மார்பும் ஃபிரேமை நிரப்பும். இரண்டு மீட்டரில் இடுப்புவரை வரும். நான்கரை மீட்டரில் முழு உருவம் கொள்ளும். ஆள் பின்சுவரை ஒட்டி நிற்காமல் மூன்று மீட்டராவது முன்னால் நிற்கட்டும். அப்போது எஃப் 5.6இலேயே பின்னணி போதுமான அளவு மங்கும்.

போனில் சாதாரணமாகத் திறக்கும் லென்ஸ் அகலக் கோணம். 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் பொத்தானை அழுத்திவிட்டுப் பின்னால் நகருங்கள். போர்ட்ரெய்ட் மோடின் செயற்கை மங்கலில் காது நுனி, கண்ணாடிக் கம்பி, பறக்கும் முடி ஆகியவை அடிக்கடி அழிந்துவிடும். அதைக் குறைத்து வைத்துக்கொண்டு உண்மையான தூரத்தையே நம்புங்கள்.

9. பேக்ரவுண்டை மங்கலாக்கிட்டா மத்ததெல்லாம் மறைஞ்சிடும்ல?

மறையாது. மங்கலான பிறகும் வெளிச்சமும் நிறமும் கோடும் அப்படியே நிற்கும். இலைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை வானம், மங்கிய பிறகு இன்னும் பெரிய வெள்ளைத் திட்டாகும். சிவப்புப் பெயர்ப்பலகை மங்கினாலும் சிவப்புதான். தலையிலிருந்து முளைத்த மின்கம்பம் மங்கலான கம்பமாக முளைத்திருக்கும், அவ்வளவுதான். இதற்கு மருந்து பக்கவாட்டில் அரை அடி. நீங்கள் நகர்ந்தால் பின்னணி தலைக்குப் பின்னாலிருந்து விலகும், ஆளை அசைக்கவே வேண்டியதில்லை.

கடற்கரைப் படங்களில் அடிவானக் கோடு கழுத்தை அறுத்துக்கொண்டு போவது மிகச் சாதாரணமான பிழை. சமதளத்தில் அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் விழும். கேமரா ஆளின் கழுத்து உயரத்தில் இருந்தால் கோடும் கழுத்தில்தான் விழும். முட்டி போட்டுக் கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் கோடு இடுப்புக்கு இறங்கிவிடும், தலை சுத்தமான வானத்தில் நிற்கும். படிக்கட்டில் ஏறி எடுத்தால் கோடு தலைக்கு மேலே போய்விடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கடலும் வயலும் ஏரிக்கரையும் வசப்படும்.

10. கேமராவை எந்த உயரத்துல பிடிக்கணும்? நான் நின்ன வாக்குல எடுக்கிறேன்.

நின்ற வாக்கில் எடுத்தால் எல்லாப் படமும் உங்கள் கண் உயரத்திலேயே இருக்கும். முகம் மட்டும் என்றால் எதிராளியின் கண் உயரம். இடுப்புவரை என்றால் மார்பு உயரம். முழு உருவம் என்றால் இடுப்பு உயரம். முழு உருவத்தை நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். குழந்தைகளுக்கு உட்காருங்கள், தவழும் பிள்ளைக்குப் படுத்துவிடுங்கள்.

11. கையை என்ன பண்றதுன்னு தெரியாம எல்லாரும் விறைப்பா நிக்கிறாங்க.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள். புடவை முந்தானை, புத்தகம், காபி டம்ளர், கதவு நிலை என ஏதாவது ஒன்றைத் தொடட்டும். உடல் எடையைப் பின்காலுக்கு மாற்றச் சொன்னால் தோள் தானாகச் சாயும். தோளை முப்பது டிகிரி திருப்பி முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் சிறு இடைவெளி இருந்தால் உருவம் தெளிவாகப் பிரியும். கை கேமராவை நோக்கி நீண்டிருந்தால் 7ஆம் கேள்வியில் மூக்குக்கு நடந்ததே கைக்கும் நடக்கும்.

12. வெளிச்சமும் கம்போசிஷன்ல சேருமா?

சேரும். ஃபிரேமில் அதிக வெளிச்சமான இடத்துக்குத்தான் கண் முதலில் ஓடும். அது முகமாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் வெயில் விழுந்து முகம் நிழலில் இருந்தால் பார்ப்பவர் சட்டையைத்தான் பார்ப்பார். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கும். கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். அந்நேரத்தில் திண்ணைக்குப் போங்கள். நிழலின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நிறுத்தி, முகத்தை வெளிச்சம் வரும் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தெருவின் வெளிச்சம் கண்ணில் சின்னப் புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளி இல்லாத கண்ணில் உயிர் இருக்காது. மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை. காலையில் ஆளைக் கடலைப் பார்க்க நிறுத்தினால் மென்மையான வெயில் நேரே முகத்தில் விழும்.

இன்னொரு குறை: மாநிறமும் கறுப்புமான தோல் இருட்டாக விழுகிறது என்பார்கள். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பின்னால் வைத்தால் கேமரா அதைப் பார்த்து எக்ஸ்போஷரை (உள்ளே வாங்கும் வெளிச்சத்தை) குறைத்துக்கொள்ளும். முகம் இருட்டிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். அதைவிட நல்லது, பின்னணியையே மாற்றுவது: பச்சைத் தோப்பு, மரக்கதவு, செம்மண் சுவர். கறுத்த தோலின் பளபளப்பு அங்கேதான் முழு அழகோடு தெரியும். எடிட்டிங்கில் தோலை வெளுக்க வைப்பது அந்த மனிதரையே மாற்றுவது. அதைச் செய்யாதீர்கள்.

13. வேலை செய்றவங்களை அவங்க இடத்தோட சேர்த்து எடுக்கணும். எடுத்தா சாமான்தான் தெரியுது, ஆள் காணாம போறார்.

இங்கே இடமும் ஒரு பாத்திரம். ஆனால் அந்த இடத்திலிருந்து இரண்டு பொருளைத் தேர்ந்தெடுத்து மற்றதை வெளியே தள்ள வேண்டும். காஞ்சிபுரம் பட்டு நெசவாளரை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் அவருடைய கால் பள்ளத்துக்குள் இருக்கும், கண் தரைக்குச் சற்று மேலேதான் இருக்கும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் குனிந்த நெற்றியும்தான் கிடைக்கும். தரையில் உட்காருங்கள், 10ஆம் பதிலின் கணக்கு அப்படியே பொருந்தும். அவருக்கு முன்னால் நீளும் பாவு நூல்கள் நூற்றுக்கணக்கான கோடுகளாக அவரை நோக்கியே ஓடுகின்றன. பாவின் பக்கவாட்டில் அமர்ந்து, அந்தக் கோடுகள் ஃபிரேமின் கீழ்மூலையில் தொடங்கி அவர் கையில் முடியும்படி அமைத்தால், பார்ப்பவரின் கண் வழி தவறாது. 24 முதல் 35 மி.மீ. வரை சரியாக இருக்கும். ஆளை ஃபிரேமின் ஓரத்துக்கு மட்டும் தள்ளாதீர்கள், அகல லென்ஸ் ஓரத்தில் முகத்தை இழுத்துவிடும்.

ஆள் பெரிதாக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. புகைப்படக்காரர் ஆர்னால்ட் நியூமன் 1946இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில் பாதிக்கு மேல் பியானோவின் திறந்த மூடிதான், கறுப்பாக, ஒரு இசைக்குறி போன்ற வடிவத்தில். ஸ்ட்ராவின்ஸ்கி கையில் தலை சாய்த்து இடது கீழ்மூலையில் சின்னதாக இருக்கிறார். ஆனாலும் கண் அவரிடமே போகிறது. பின்சுவர் வெறுமையாக இருக்கிறது, மூடியின் வடிவம் எளிமையாக இருக்கிறது. போட்டியிட மூன்றாவது பொருளே இல்லை.

14. குடும்பப் படத்துல அஞ்சு பேரை நிறுத்தினா ஸ்கூல் குரூப் போட்டோ மாதிரி இருக்கு.

எல்லாத் தலையும் ஒரே கோட்டில் இருப்பதுதான் காரணம். பாட்டியை நாற்காலியில் உட்கார வையுங்கள், பக்கத்தில் ஒருவர் நாற்காலிக் கையில் சாயட்டும், பேரன் தரையில் உட்காரட்டும், இருவர் பின்னால் நிற்கட்டும். எந்த மூன்று தலைகளை இணைத்தாலும் முக்கோணம் வர வேண்டும். நெருக்கமாக நிறுத்துங்கள். நேரில் அதிகமாகத் தோன்றும் நெருக்கம் படத்தில் இயல்பாக இருக்கும்.

எஃப் 1.8 இங்கே வேண்டாம். ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ., எஃப் 5.6, மூன்றரை மீட்டர் தூரம் என்றால் சுமார் இரண்டு மீட்டர் ஆழம் கூர்மையாக இருக்கும், இரண்டு வரிசைக்குத் தாராளம். முன்வரிசை முகத்தில் ஃபோகஸ் பிடியுங்கள்.

15. எல்லாத்தையும் அகலமா எடுத்துட்டு அப்புறம் கிராப் பண்ணிக்கிறேன். தப்பா?

தப்பில்லை. 13ஆம் பதிலில் சொன்ன ஸ்ட்ராவின்ஸ்கி படமே நெகட்டிவின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு உருவானதுதான். ஆனால் அளவு தெரிந்து செய்யுங்கள். 24 மெகாபிக்சல் படத்தின் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் அது ஏறக்குறைய 10க்கு 6.7 அங்குலம்வரைதான் தாங்கும். கேமராவின் உயரம், பின்னணியில் முளைத்த கம்பம், முகத்தில் விழுந்த நிழல் ஆகிய எதையும் கிராப் மாற்றாது.

வேறொரு சிக்கலும் உண்டு. கேமரா ஃபிரேம் 3:2. வாடிக்கையாளர் 8க்கு 10 அச்சு கேட்டால் அது 8க்கு 12இலிருந்து இரண்டு அங்குலத்தை விழுங்கும். இன்ஸ்டாகிராமின் 4:5 அளவும் அதே விகிதம்தான். முழு உருவத்தைத் தலையிலிருந்து பாதம்வரை ஃபிரேமுக்கு இறுக்கமாக எடுத்திருந்தால் பாதமோ தலையோ போகும். எங்கே போய்ச் சேரப்போகும் படம் என்று முன்பே கேட்டு, மேலும் கீழும் ஒவ்வொரு அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

16. விதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனாலும் படம் செத்த மாதிரி இருக்கு. ஏன்?

பெரும்பாலும் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் ஆளிடம் பேசாமல் இருந்திருப்பீர்கள். அரை நிமிடம் மௌனமாக லென்ஸைப் பார்த்து நிற்பவரின் முகம் இறுகிவிடும். வரிசையை மாற்றுங்கள். ஆள் வருவதற்கு முன்பே இடம், உயரம், பின்னணி, எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் ஒரு நாற்காலியையோ நண்பரையோ வைத்து முடித்துவிடுங்கள். ஆள் வந்து நின்றதும் உங்கள் வேலை பேசுவதும் ஓரங்களைப் பார்ப்பதும் மட்டுமே. ஒரு போஸ் முடிந்து "போதும்" என்று நீங்கள் சொன்னதும் அவர் மூச்சு விடுவார், தோள் இறங்கும். அப்போதும் கேமரா கண்ணிலேயே இருக்கட்டும். அந்த ஒரு விநாடிப் படம் பலமுறை மற்ற இருபதைவிட நன்றாக இருக்கும்.

17. தனியா எப்படிப் பழகுறது? சொல்லித்தர யாரும் இல்லை.

ஒரு ஆள், ஒரு சுவர், ஒரே குவியத் தூரம் (ஜூமைத் திருப்பாமல்), இருபது படம். அதற்கு மேல் எடுக்காதீர்கள். முதல் ஐந்தில் தூரத்தை மட்டும் மாற்றுங்கள். அடுத்த ஐந்தில் கேமரா உயரத்தை மட்டும். அடுத்த ஐந்தில் நீங்கள் பக்கவாட்டில் நகருங்கள். கடைசி ஐந்தில் ஆளைத் திருப்புங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது என்ன செய்கிறது என்று தெரியும்.

பிறகு திரையில் படங்களைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் முகம் முதலில் தெரிந்தால் படம் நிற்கும். சந்தேகம் இருந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். முகமாகத் தெரியாமல் வெறும் வடிவங்களாகத் தெரியும்போது எந்த மூலை கனக்கிறது, எந்தத் திட்டு இழுக்கிறது என்பது பிடிபடும். தேறிய இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே சுவருக்கு அதே ஆளோடு, வேறொரு நேரத்தில் போங்கள்.